பாய்க்குப் பின்னால் மோரோ

1948 நவம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே காலை வைக்கவில்லை, அதற்குள் ஓரகத்தி பெலிசித்தாஸ் என் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, சேதி தெரியுமா? மாட்டு ஊசிக்காரங்க வர்றாங்க. அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் எங்க வீட்லதான் தங்கப்போறாராம். ஊர்லயே எங்க முன்னறைதான் பெருசாம்."

"பெருசாத்தான் இருக்கும். உள்ளே சாமான் ஒண்ணும் இல்லையே" என்றேன். முகம் சுண்டிப்போச்சு அவளுக்கு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஆரம்பித்தது.

ஓரகத்தியைப் பற்றி இப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் என் புருஷன் மார்சியால் செத்து மூன்று வருஷமாகிறது. வீட்டில் சண்டை போட ஆள் கிடையாது. இந்தக் காகிதம் ஒன்றுதான் எதிர்த்துப் பேசாமல் கேட்கிறது.

சண்டை என்றால் எல்லாம் அந்த ஏர்மாடுகளால் வந்தது. மாமனார் சாகும்போது மோரோவை மூத்த பிள்ளைக்கும் கிளாவெலைச் சின்னப் பிள்ளைக்கும் எழுதிவைத்தார். ஒரு ஜோடியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் பிள்ளைகள் பிரியமாட்டார்கள் என்று கிழவர் போட்ட கணக்கு. பிள்ளைகள் பிரியவில்லை. மருமகள்களைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. இப்போது மோரோ எனக்கு, கிளாவெல் என் கொழுந்தன் காஸ்துலோவுக்கு. ஒரு நாள் அவன் நிலத்தில் உழவு, ஒரு நாள் என் நிலத்தில். இடையில் பெலிசித்தாஸ்.

நவம்பர் 9

வேலிக்கு அந்தப் பக்கத்து இலாரியோன் இன்று வேலி மேல் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

"எவுலாலியா, அந்த ஊசி போட்ட மாட்டோட பாலைக் குடிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் வந்துருதாம். பெத்த தாய்க்கே ஒண்ணும் புரியலையாம்."

"நல்லதாப் போச்சு. வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போறப்ப உதவும்."

"நீ சிரி. ஆம்பளைங்களுக்கு என்ன ஆகுதுன்னு நான் சொல்லவே மாட்டேன்."

சொல்லாமல் விட்டாரா என்றால் இல்லை. அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

போகும்போது ஒன்று சொன்னார். "போன வருஷம் சர்க்கார்க்காரன் மாட்டைச் சுடத் துப்பாக்கியைக் கொண்டுவந்தான். சத்தம் கேட்டுது, சனங்க அரிவாளோட எந்திரிச்சாங்க. பார்த்தான். இப்போ ஊசி கொண்டுவர்றான். இதுக்குச் சத்தமே கிடையாது, பார்த்துக்க."

நவம்பர் 10

காஸ்துலோவோடு பெரிய சண்டை.

"மதினி, இப்போ சுடுறதில்லை. சுடாம இருக்கணும்னுதான் ஊசியே போடுறாங்க."

"நீ எல் சால்த்தோவுல இருந்தியா? நான் இருந்தேன்."

இருந்தேன். நான் பிறந்த ஊர் அது. போன வருஷம் தம்பி பௌஸ்தினோவைப் பார்க்கப் போன வாரத்தில்தான் நடந்தது. யாரோ ஒருத்தர் மாட்டுக்குக் கோமாரி. வாயில் நுரை, குளம்பில் புண். அந்த ஒன்றுக்காக ஊர் மாடு பூராவையும் ஓட்டிக்கொண்டுபோய்க் குழி வெட்டிச் சுட்டார்கள். பௌஸ்தினோவின் ஏர்மாடுகளில் ஒன்றைத்தான் முதலில் சுட்டார்கள். மற்றதை யாரும் ஓட்டவில்லை. அதுவாக நடந்துபோய், விழுந்துகிடந்த ஜோடிக்குப் பக்கத்தில், தன்னுடைய பக்கத்தில் நின்று, நுகத்தடி வைக்கிறதற்குத் தலையைத் தாழ்த்துமே, அப்படித் தாழ்த்திக்கொண்டு நின்றது. என் தம்பி அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான். இப்போதும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

இதையெல்லாம் காஸ்துலோவிடம் சொன்னேனா? இல்லை. கத்தத்தான் செய்தேன்.

"உன் மாட்டுக்குப் போட்டுக்க. என் மாட்டுப் பக்கம் எவனும் வரக்கூடாது."

"ஒரே ஏர்ல ஒண்ணு போட்டது, ஒண்ணு போடாததா?"

"ஒண்ணாவது பிழைக்குமில்ல."

சொன்ன பிறகு எனக்கே பிடித்துப்போயிற்று. எவ்வளவு சரியான யோசனை. ஊசி நல்லதென்றால் கிளாவெல் பிழைக்கும். கெட்டதென்றால் மோரோ பிழைக்கும். எப்படிப் போனாலும் குடும்பத்துக்கு ஒரு மாடு நிச்சயம். இந்தக் குடும்பத்தில் மூளை இருக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

மோரோ போய்விட்டால் என் கதி என்னவென்று அவர்களுக்கென்ன தெரியும். உழாத நிலத்தில் சோளம் முளைக்காது. நிலத்தைக் காஸ்துலோ கையில் கொடுத்துவிட்டு, பெலிசித்தாஸ் அடுப்படியில் உட்கார்ந்து அவளுக்கு ரொட்டி தட்ட வேண்டியதுதான். அதற்கு அந்தக் குழியே மேல்.

நவம்பர் 12

மோரோவை வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது.

நவம்பர் 13

மூலையில் குறுக்கே கயிறு கட்டி மூன்று பாய்களைத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் மோரோ, இந்தப் பக்கம் நான், பாய்க்கு முன்னால் மாதா சுரூபம். மாதாவை அங்கே வைத்தால் எவனும் பாயைத் தொடமாட்டான். மோரோவை எல் சால்த்தோவுக்குத் தம்பியிடம் அனுப்பிவிட்டேன் என்று ஊரில் சொல்லியாயிற்று.

மாட்டோடு ஒரே அறையில் இருப்பது சிரமம் என்பார்கள். மார்சியாலோடு பதினெட்டு வருஷம் இருந்தவளுக்கு இதொன்றும் சிரமமில்லை. மோரோ குறட்டை விடுவதில்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று. காயப்போட்டிருந்த என் பாவாடையில் பாதியைத் தின்றுவிட்டது.

நவம்பர் 15, திங்கள்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையிலேயே ஊசிக்காரர்கள் கோவில் முற்றத்தில் கூடாரம் போட்டுவிட்டார்கள். மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கோவேறு கழுதை மேல் கொண்டுவந்திருந்தார்கள். ஐஸைப் பார்த்த உடனே பாதி ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. ஊசி போட்டவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு ஐஸ். நம் சனங்களை விலைக்கு வாங்க ரொம்பச் செலவாகாது. இலாரியோன் மட்டும் தன் பசுக்களையும் பன்றிகளையும் ஓடைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போய்விட்டு, கைவீசிக்கொண்டு வந்து ஐஸ் கேட்டாராம்.

ஊசி போட்ட மாட்டுக்கு முதுகில் ஒரு நீலப் பட்டை அடிக்கிறார்கள். கிளாவெலுக்கும் அடித்தாயிற்று. பிறகு வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பினார்கள். வெள்ளைக்காரன் வெண்டல், ஒரு சிப்பாய், வழிகாட்ட என் கொழுந்தன். பின்னாலேயே வேடிக்கை பார்க்கப் பெலிசித்தாஸ். அவர்களுக்கும் பின்னால், அவிழ்த்துவிட்ட கிளாவெல்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாலு நாளாக ஜோடியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த மாடு, நேரே என் வாசலுக்கு வந்து நின்று கத்தியது. பாய்க்குப் பின்னாலிருந்து மோரோ பதில் கத்தியது.

நான் என்ன செய்வேன். கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகினேன். மோரோ கத்தும்போதெல்லாம் நானும் கத்தினேன். அது "ம்மா" என்றால் நான் "ஐயோ மாதாவே". கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் சுருதி சேர்ந்துவிட்டது.

வெண்டல் வாசலில் தொப்பியைக் கழற்றினான். நல்ல உயரம், நிலையில் தலை இடித்தது. நம் பேச்சு கொஞ்சம் பேசுகிறான், ஆனால் மரியாதை தலைகீழ். எங்கள் மணியக்காரரை 'நீ' என்கிறான், மாட்டை 'நீங்க' என்கிறான். கிளாவெலிடம் "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுவிட்டு என்னிடம் வந்தான்.

"நீ... ரொம்ப வலி?"

"ஐயோ" என்றேன். மோரோவும் சொன்னது.

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. காஸ்துலோவைத் திரும்பிப் பார்த்தான். "இந்தச் சத்தம் நான் கேட்டிருக்கு. எங்க ஊர்ல. பசு கன்னு போடும்போது."

பெலிசித்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "அக்காவுக்கா? இந்த வயசுலயா? யாரு?"

அவள் வாயில் மண் விழ. எழுந்து ஒரு அறை விட்டிருப்பேன், நோயாளியாகப் போய்விட்டேன்.

வெண்டல் நல்லவன், அதுதான் வினை. பெண்பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று நினைத்து, சிப்பாயைக் குதிரையில் அனுப்பிச் செனோன் சாமியாரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டான். சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க.

சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். கட்டிலோரம் உட்கார்ந்து, "சொல்லும்மா, உன் பாவங்களை" என்றார்.

வெள்ளைக்காரனிடம் பொய் சொல்லலாம். சிப்பாயிடமும் சொல்லலாம். சாவுப் படுக்கையில் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னால் நேரே நரகம். அதுவும் சாகாத சாவுக்கு.

"சாமி, நான் சாகலை. பாய்க்குப் பின்னால மோரோ நிக்குது."

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மாதா சுரூபத்தின் தலைக்கு மேலே பாய் உப்பி உப்பி அடங்கியது.

"இதை ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா, இப்பவே வெளியே போய்ச் சொல்லியிருப்பேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். அவருடைய பசுவுக்குத்தான் ஊரில் முதல் ஊசி.

"அதுக்குத்தான் சாமி, நீங்க ஆரம்பிச்ச பிறகு சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளியே சொல்லக்கூடாதில்ல."

எண்ணெய்ச் சிமிழை மூடினார் அவர். பிறகு பரிகாரம் சொன்னார். நான் ஜெபமாலைதான் எதிர்பார்த்தேன். "ஜனவரியில வனத்து அந்தோனியார் திருநாள் அன்னிக்கு, ஊர் பார்க்க, மோரோவைக் கோவில் முற்றத்துக்கு ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரணும். செய்யலைன்னா மன்னிப்பு செல்லாது."

வெளியே போய் அவர்களிடம், "பிழைச்சுக்குவா" என்று மட்டும் சொன்னாராம். என்ன நோய் என்று பெலிசித்தாஸ் கேட்டதற்கு, "சொல்லக்கூடாது" என்றாராம்.

இனி ஊர் சும்மா இருக்குமா?

நவம்பர் 18

சும்மா இல்லை. எனக்கு ஆண் குழந்தை என்கிறது கிணற்றடி. பெண் என்கிறது மாவு மில்.

நவம்பர் 26

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

கதிர் ஏற்றக் காஸ்துலோவுக்கு வண்டி பூட்ட வேண்டும். மோரோ இல்லை. கடைக்காரரின் மாட்டை இரவல் வாங்கிக் கிளாவெலோடு பூட்டினான். கிளாவெல் பிறந்ததிலிருந்து இடத்து மாடு, நுகத்தில் இடப்பக்கம்தான் நிற்கும். கடைக்காரர் மாடும் இடத்து மாடு என்று பூட்டிய பிறகுதான் தெரிந்தது. இரண்டும் ஒரே பக்கத்துக்கு முட்டிக்கொண்டு, வண்டி ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. காஸ்துலோ மேலே நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் சொன்னான், ஏதோ வேண்டுமென்றே சுற்றுகிற மாதிரி. கடைசியில் வாய்க்காலில் போய் விழுந்தது. கதிர் பூராவும் தண்ணீரில்.

அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "மதினி, தம்பி ஊர்ல மோரோ நல்லாருக்கா?" என்றான்.

"நல்லாருக்கு."

"நல்லாத் தின்னுதா?"

"தின்னுது."

"சரி. சாணியை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கொட்டுங்க. தெருவரைக்கும் நாறுது."

போய்விட்டான். தெரிந்திருக்கிறது அவனுக்கு. தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிசம்பர் 5

ஊசி கெட்டதென்றால் கிளாவெல் இதற்குள் செத்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உப்பு வாங்கப் போகிற மாதிரி, நெருப்பு வாங்கப் போகிற மாதிரி. சாகிற வழியைக் காணோம். மினுமினுவென்று இருக்கிறது. பெலிசித்தாஸ் வீட்டு உப்பு என்னிடம் ஒரு வருஷத்துக்குச் சேர்ந்துவிட்டது.

டிசம்பர் 19

மோரோ சரியாகத் தின்பதில்லை. விலா எலும்பு தெரிகிறது. வெயில் படாமல், நடக்காமல், ஜோடியில்லாமல் எப்படித் தின்னும். கிளாவெல் தினமும் காலையில் என் வாசலுக்கு வந்து படுத்துக்கொள்கிறது. யாராவது கேட்டால், "என்மேல் பாசம்" என்கிறேன்.

இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். என் யோசனைப்படியே எல்லாம் நடந்து, ஊசியில் கிளாவெல் செத்து மோரோ பிழைத்தால் — ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன உழுவேன்? அதே மாதிரி மறுபக்கம். எப்படிப் போனாலும் ஒரு மாடு நிச்சயம் என்றேன். எப்படிப் போனாலும் ஏர் கிடையாது. இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? காஸ்துலோ சொன்னான். ஆமாம், சொன்னான்.

ஜனவரி 6, 1949

மூன்று ராஜாக்கள் திருநாள். பெலிசித்தாஸ் ரொட்டி கொடுத்தனுப்பினாள், கூடவே குழந்தைச் சட்டை ஒன்று. திருப்பியனுப்பினேன். ரொட்டியை வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 15

நாளன்னைக்கு வனத்து அந்தோனியார். மோரோவைக் கொண்டுபோகாவிட்டால் மன்னிப்பு செல்லாது. கொண்டுபோனால் முதுகில் நீலப் பட்டை இல்லை என்று வெண்டல் பார்த்துவிடுவான். படம் பிடிக்கிற பெட்டியோடு முதல் ஆளாக அவன் அங்கே நிற்பான் என்று பெலிசித்தாஸ் ஊர் பூராவும் சொல்லிவிட்டாள்.

துணி துவைக்கும்போதுதான் தோன்றியது. நீலம். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் வீட்டில் நிறைய இருக்கிறது. கெட்டியாகக் கரைத்தால் அவர்கள் அடிக்கிற பட்டைக்கும் இதற்கும் கடவுளுக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

இந்தக் குடும்பத்தில் மூளை — சரி, வேண்டாம்.

ஜனவரி 17, திங்கள்

எல்லா மாடும் வந்தது. நவம்பரில் எங்கே போயின என்று தெரியாத ஆடுகளெல்லாம் கழுத்தில் காகிதப்பூவோடு வந்து நின்றன. ஊசிக்காரனிடமிருந்து ஒளித்துவைக்கலாம், அந்தோனியாரிடமிருந்து ஒளித்துவைத்தால் அந்த வருஷம் மாடு தங்காது. பன்றிகளுக்கு ரோஸ் சாயம், வான்கோழிகளுக்கு ரிப்பன். இலாரியோன் மட்டும்தான் கொண்டுவரவில்லை. "என் பசுங்க எங்கே இருக்குன்னு அந்தோனியாருக்குத் தெரியும். இருந்த இடத்துக்கே வந்து ஆசீர்வதிப்பார்" என்றார்.

மோரோவின் கொம்பில் ரிப்பன் சுற்றி, முதுகில் பளிச்சென்று நீலப் பட்டையோடு நான் கொண்டுபோனேன். "எல் சால்த்தோவுல ஊசி போட்டாச்சு" என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். வெண்டல் படமே எடுத்துவிட்டான்.

சாமியார் வரிசையாகத் தெளித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் இலைக்கொத்தால் இரண்டு சொட்டு தீர்த்தம். எங்கள் முன்னால் வந்து நின்றார். பட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இலைக்கொத்தைக் கோவில் பிள்ளை கையில் கொடுத்தார். வாளியை இரண்டு கையாலும் தூக்கினார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்று சொல்லி, மோரோவின் முதுகில் வாளியோடு கவிழ்த்தார்.

நீலம் வழிந்தது. விலாவில் வழிந்து, காலில் வழிந்து, கல்தரையில் ஓடி, சாமியாரின் வெள்ளை அங்கியை நனைத்தது. முற்றத்தில் எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

வெண்டல் வந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். "சோப்பு வாசனை" என்றான். கோபம் இல்லை அவனுக்கு. மோரோவின் நெற்றியைத் தடவி, "நீங்க ரொம்ப மெலிஞ்சுட்டீங்க" என்றான். மாட்டுக்கு ஆறுதல், எனக்கு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் காஸ்துலோவின் கையிலிருந்து கிளாவெல் கயிற்றை உருவிக்கொண்டு வந்தது. இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை, நக்கிக்கொள்ளவில்லை. கிளாவெல் மோரோவுக்கு இடப்பக்கம் வந்து தன் இடத்தில் நின்றது. மோரோ தலையைத் தாழ்த்தியது. கிளாவெலும் தாழ்த்தியது. நுகத்தடிக்கு.

எனக்குக் குழி கண் முன்னால் வந்துவிட்டது. பௌஸ்தினோவின் மாடு அப்படித்தான் நின்றது. ஒன்று எங்கே போகிறதோ மற்றதும் அங்கேதான் போகும். நான் பாயைக் கட்டி எதைப் பிரித்தேன்?

"நாளைக்குக் காலைல" என்றான் வெண்டல். "நீ கொண்டு வா. புதுக் கன்னுக்கு வச்ச மருந்து இருக்கு."

"இப்பவே போடு" என்றேன். "நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது."

காஸ்துலோ ஒரு பக்கம் கொம்பைப் பிடித்தான், நான் மறுபக்கம். பெலிசித்தாஸ் ஓடிப்போய் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தாள். ஊசி ஒரு நொடிதான். மோரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கத்தினேன். எல்லோருக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது போல. மறுபடியும் சிரிப்பு.

ஜனவரி 18

சாமியாரிடம் சண்டைக்குப் போனேன்.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை வெளியே சொல்லலாமா சாமி?"

"நான் வாயைத் திறந்தேனா?"

"தண்ணியை ஊத்தினீங்களே."

"ஆசீர்வாதம் பண்ணினேன். உன் மாட்டுக்குக் கொஞ்சம் அதிகமாத் தேவைப்பட்டுச்சு."

போதாக்குறைக்கு அங்கியைக் காட்டினார். துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு வெளுப்பாக இருந்ததில்லையாம்.

ஜனவரி 19

மோரோவுக்குக் காய்ச்சல். காது சுடுகிறது. படுத்தால் எழுந்திருக்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் கல் மாதிரி வீக்கம். சொன்னேனே — இலாரியோன் சொன்னாரே — நானே கொண்டுபோய் நிறுத்தினேனே. காஸ்துலோ வந்தான், திட்டினேன். பெலிசித்தாஸ் வந்தாள், அவளையும் திட்டினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை மோரோவின் காதில் வைத்தாள். போகச் சொல்லத் தோன்றவில்லை.

ஜனவரி 21

பெலிசித்தாஸின் சால்வையில் பாதியைத் தின்றுவிட்டது. பிழைத்துக்கொண்டது.

மார்ச் 20

இரண்டாவது சுற்று ஊசி. வரிசையில் முதலில் நான். எனக்குப் பின்னால் நின்றவன் ஐஸுக்காக முண்டியடித்தான், தள்ளி நில்லு என்று விரட்டினேன்.

ஏப்ரல் 12

இலாரியோனின் பசுக்களுக்குக் கோமாரி. ஓடைப் பள்ளத்திலேயே. வாயில் கயிறு கயிறாக எச்சில், குளம்பு ஊன்ற முடியவில்லை. பன்றிகளுக்கும். மனிதர் யாரிடமும் சொல்லாமல் புண்ணுக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பள்ளத்து வேலிக்கு இந்தப் பக்கம்தான் மோரோவும் கிளாவெலும் மேய்கின்றன. வேலி வழியாக மூக்கை மூக்கு தொட்டிருக்கும். தொட்டிருக்கும் என்ன, தொட்டது. நானே பார்த்தேன்.

ஏப்ரல் 14

சுட்டார்கள். அவருடையதை மட்டும். ஊரில் மற்ற மாடுகளைப் பரிசோதித்தார்கள், தொடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தியாயிருந்தால் ஊரே குழிக்குப் போயிருக்கும்.

இலாரியோன் பக்கத்தில் போய் நின்றேன். அவரை நான் நம்பியது மாதிரி அவரும் யாரையோ நம்பியிருப்பார். "எவுலாலியா, அந்தோனியாருக்கு வழி தெரியலை போல" என்றார். அவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏப்ரல் 15 முதல்

தினமும் காலையில் மோரோ வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கிறேன். கிளாவெல் வாயைப் பெலிசித்தாஸ் பார்க்கிறாள்.

மே 3

ஒன்றும் வரவில்லை. வராது என்கிறான் வெண்டல். அழுதேன், மறைக்கவில்லை.

ஜூன் 9

முதல் மழை. முதல் ஏர் என் நிலத்தில். மோரோ வலப்பக்கம், கிளாவெல் இடப்பக்கம், பின்னால் காஸ்துலோ. விதை போட நானும் பெலிசித்தாஸும். நாள் பூராவும் சண்டை போட்டுக்கொண்டே போட்டோம், சால் நேராகத்தான் வந்திருக்கிறது. இலாரியோன் நிலத்துக்கு நாளைக்கு ஏர் அனுப்புவதாகச் சொன்னேன். கேட்க வேண்டிய காஸ்துலோவைக் கேட்கவில்லை, அவன் தலையாட்டிவிட்டான்.

ஜூலை 2

வெண்டல் வந்தான். கொழுந்தன் வீட்டில் தங்கித் தங்கி அவனும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுகிறான். மரியாதை மட்டும் இன்னும் வரவில்லை.

"மதினி, நீ எங்க கூட வா. மூணாவது சுற்று. பொம்பளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள சிப்பாய் போனா சண்டை. நீ போனா..."

"நான் போனாலும் சண்டைதான். எந்த ஊர்?"

"எல் சால்த்தோ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 5

எல் சால்த்தோ. குழி இருந்த இடத்தில் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

வாசலில் தம்பி பௌஸ்தினோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாடு இல்லை. தோமாசாவுக்கு உடம்பு சரியில்லை" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு.

உள்ளேயிருந்து முனகல். அவன் பெண்டாட்டி தோமாசா. நல்ல ஆழமான, நீளமான முனகல். வெண்டல் முகம் வெளுத்து, சிப்பாயைப் பார்த்துக் குதிரையைக் காட்டினான். சாமியாரைக் கூட்டிவர.

"நில்லுங்க" என்றேன். எல்லோரையும் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தோமாசா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள், நெற்றியில் ஈரத்துணி. மூலையில் குறுக்கே பாய். பாய்க்கு முன்னால் மாதா.

கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"தோமாசா, சாமியாரைக் கூப்பிடட்டுமா?"

முனகல் நின்றது. பாய்க்குப் பின்னாலிருந்து வந்தது நிற்கவில்லை.

"அக்கா," என்றாள், கண்ணில் தண்ணீர். "அவரு மறுபடியும் மாடு சாகுறதைப் பார்த்தா தாங்கமாட்டாருக்கா."

"எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் இருந்தேன். என் மாட்டுக்கு ரெண்டு தடவை போட்டாச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் வந்த சீக்கு இந்தப் பக்கம் வரலை. கொம்பை நானே பிடிச்சுக்கிறேன்."

அவள் நெற்றித் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாயை விலக்கினேன்.

ஒன்றில்லை, இரண்டு, குழிக்குப் பிறகு வாங்கியவை. ஜோடியாகவே ஒளித்துவைத்திருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி.

கதவைத் திறந்து, மறுபக்கக் கொம்பைப் பிடிக்கத் தம்பியைத்தான் முதலில் கூப்பிட்டேன்.